வைஃபை ஐகானே காணோம்: ஒரு பழைய லேப்டாப், மூன்று தடைகள்

"வைஃபை எடுக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றுவதற்கு 6,000 ரூபாய் ஆகுமாம்." விருதுநகரில் நான் நடத்தும் சின்ன சர்வீஸ் கடைக்கு இந்தப் புகாரோடு ஒரு லேப்டாப் வந்தது. கொண்டுவந்தவர்கள் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியும் அவருடைய அம்மாவும். வேறொரு கடையில் ஏற்கெனவே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பலன் இல்லை. அதன் பிறகுதான் மதர்போர்டு என்ற பேச்சு வந்திருக்கிறது.

மதர்போர்டில், அதாவது எல்லா பாகங்களும் வந்து இணையும் முக்கிய சர்க்யூட் போர்டில், ஒரு குறையும் இல்லை. வைஃபை சிக்னலைப் பிடிக்கும் வைஃபை கார்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காரணங்கள் வரிசையாக நின்று வைஃபையை மறித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை மட்டும் நீக்கினால் வெளியே எந்த மாற்றமும் தெரியாது. பார்ப்பவருக்கு "நான் செய்ததில் பலன் இல்லை, அப்படியானால் கோளாறு இங்கே இல்லை" என்றுதான் தோன்றும். நல்ல பொருளைக் கெட்டுப்போனதாக முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இந்த ஒரு வேலையை முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கேட்ட கேள்விகள்

இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 போட்ட, 2011 வாக்கில் வெளிவந்த மாடல் அது. மாணவியின் மாமா சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கொடுத்தது. வயதுக்கு நல்ல உழைப்பாளி. கீபோர்டில் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு நிறத்தில் புது ஸ்கின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

மெஷினைத் திறப்பதற்கு முன்னால் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பேன். கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது? அதற்கும் இன்றைக்கும் இடையில் என்னவெல்லாம் மாறியது?

"நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு அண்ணா. ஒருநாள் சாயங்காலம் பார்த்தா எந்த சிக்னலும் காட்டல. ஐகான் இருந்துச்சு, மேல ஒரு சிவப்பு பெருக்கல் குறி. கடைல கொடுத்து வாங்கினப்புறம் அந்த ஐகானும் போயிடுச்சு."

இந்த பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். விண்டோஸ் மாற்றுவதற்கு முன்னால் ஐகான் இருந்தது, சிக்னல் இல்லை. மாற்றிய பிறகு ஐகானே இல்லை. இரண்டும் ஒரே கோளாறாக இருக்க முடியாது. முதலில் ஏதோ ஒன்று வைஃபையை நிறுத்தியது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் இரண்டாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளருக்கு இரண்டும் "வைஃபை வரல" என்ற ஒரே புகார்தான். அவர் அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை. பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

திரை என்ன சொல்கிறது?

விண்டோஸ் பட்டனோடு ஏ எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் வலது ஓரத்தில் ஒரு பலகை திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வழிதான். வைஃபைக்கான கட்டம் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

கட்டம் இருக்கிறது, ஆனால் அணைந்திருக்கிறது என்றால் வைஃபை கார்டு இருப்பது விண்டோஸுக்குத் தெரியும். யாரோ அல்லது எதுவோ அதை ஆஃப் செய்திருக்கிறது. கட்டம் எரிகிறது, ஆனால் பட்டியலில் பெயர்களே இல்லை, அல்லது நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்றால் கோளாறு அலைவரிசையிலோ ஆன்டெனாவிலோ ரவுட்டரிலோ இருக்கலாம். கட்டமே இல்லை என்றால், அப்படி ஒரு பொருள் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். இந்த நிலையில் எந்தக் கீயை அழுத்தினாலும், ஏரோபிளேன் மோடை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. விண்டோஸுக்குக் கார்டைத் தெரிய வைப்பதுதான் முதல் வேலை.

இந்த லேப்டாப்பில் கட்டமே இல்லை. டாஸ்க்பாரில் உலக உருண்டையும் அதன் மேல் ஒரு தடை அடையாளமும் மட்டும் இருந்தன.

அடுத்து, மெஷினில் இருக்கும் பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே இருக்கிறது. உள்ளே "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற தலைப்பின் கீழ் கேபிள் இணைப்புக்கான ஈதர்நெட் மட்டும் இருந்தது. ஆனால் சற்றுக் கீழே "அதர் டிவைசஸ்" என்ற பிரிவில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி: "நெட்வொர்க் கன்ட்ரோலர்".

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. காரணம் இதுதான். லேப்டாப் ஆன் ஆகும்போது மதர்போர்டு தன்னோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கார்டையும் "நீ யார்" என்று கேட்கும். கார்டு தன் எண்ணைச் சொல்லும். அந்தப் பதில் வந்ததால்தான் டிவைஸ் மேனேஜரில் இந்த வரி இருக்கிறது. கார்டு செத்திருந்தாலோ, அது உட்காரும் ஸ்லாட் போயிருந்தாலோ இந்த வரியே வராது. மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் ஒரு டெக்னீஷியனுக்கு அது "நான் உயிரோடு இருக்கிறேன், என்னோடு பேச ஆள் இல்லை" என்று சொல்லும் குறி. அந்த வரியில் ரைட் கிளிக் செய்து திறந்த பிராப்பர்ட்டீஸில் "கோட் 28" என்று இருந்தது. டிரைவர், அதாவது கார்டோடு பேச விண்டோஸுக்கு உதவும் சின்ன மென்பொருள், போடவில்லை என்று அர்த்தம். இதே இடத்தில் "கோட் 22" என்று இருந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். "கோட் 10" என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கார்டால் தொடங்க முடியவில்லை.

முதல் தடை: டிரைவர்

புதிதாக விண்டோஸ் போட்டால் டிரைவர் ஏன் போக வேண்டும்? விண்டோஸ் 10 தன்னோடு ஏராளமான வைஃபை டிரைவர்களை எடுத்துக்கொண்டுதான் வருகிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் இதில் போட்டிருந்தது முழு விண்டோஸ் இல்லை. பழைய மெஷினில் வேகமாக ஓட வேண்டும் என்று பல பகுதிகளை நீக்கி யாரோ தயாரித்த "லைட்" பதிப்பு. நீக்கியவற்றில் டிரைவர்களும் அடக்கம். நான் இந்த மாதிரிப் பதிப்புகளைப் போடவே மாட்டேன். மெமரி கொஞ்சம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு சிஸ்டத்தில் ஒரு மாணவி தன் வங்கிக் கணக்கையும் தேர்வு விண்ணப்பத்தையும் திறக்க வேண்டியிருக்கிறது.

டிரைவர் வேண்டும் என்றால் இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வேண்டும் என்றால் டிரைவர் வேண்டும். இங்கேதான் பலர் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு வழி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே பக்கத்தில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்தால் போதும். லேப்டாப்புக்கு அந்தப் போன் ஒரு கேபிள் நெட்வொர்க் போலத் தெரியும். வைஃபை டிரைவர் தேவையில்லை. டேட்டா போகாத வெறும் சார்ஜ் கேபிளாக இருந்தால் மட்டும் இது நடக்காது. போன் டேட்டாவும் வேண்டாம் என்றால், போன் தன் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே டெதரிங் கொடுக்கலாம். பெரும்பாலான போன்கள் அந்த வைஃபை இணைப்பையே கேபிள் வழியாகக் கொடுத்துவிடும்.

எந்த டிரைவர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதே பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் "டீட்டெய்ல்ஸ்" பகுதிக்குப் போய் "ஹார்டுவேர் ஐடிஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான குறியீடு வரும். அதில் தயாரிப்பாளருக்கு நான்கு இலக்கம், மாடலுக்கு நான்கு இலக்கம். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஆதரோஸ், 14ஈ4 என்றால் பிராட்காம், 14சி3 என்றால் மீடியாடெக். கார்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்க மெஷினைக் கழற்ற வேண்டியதே இல்லை. அந்த எண்ணையும் லேப்டாப்பின் சீரியல் நம்பரையும் வைத்து, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து சரியான டிரைவரை எடுத்தேன். "எல்லா டிரைவரையும் நாங்களே தேடித் தருகிறோம்" என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவில்லை. அவை தேவையில்லாத வேறு பலவற்றையும் சேர்த்தே கொண்டுவரும்.

டிரைவர் ஏறியது. ரீஸ்டார்ட். மஞ்சள் முக்கோணம் போனது. "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" கீழே கார்டின் சொந்தப் பெயர் வந்து உட்கார்ந்தது. பலகையில் வைஃபை கட்டமும் வந்துவிட்டது.

"சரியாயிடுச்சா தம்பி?" என்று அம்மா எழுந்து வந்தார்.

இன்னும் இல்லை. கட்டம் சாம்பல் நிறத்தில் அணைந்திருந்தது. கிளிக் செய்தால் ஆன் பக்கம் நிற்காமல் மறுபடியும் ஆஃபுக்கே போனது.

இந்த நிலையில் நிற்பவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். சரியான டிரைவரைத் தேடிப் போட்டும் வைஃபை வரவில்லை. "டிரைவர் பிரச்சினை இல்லை, கார்டுதான் போய்விட்டது" என்று முடிவெடுப்பது எவ்வளவு எளிது! வீட்டில் மெயின் சுவிட்சும் ஆஃப், டியூப் லைட்டும் ஃபியூஸ் என்றால், புது டியூப் மாட்டியும் வெளிச்சம் வராது. அதற்காகப் புது டியூப் கெட்டது என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை. லேப்டாப்பில் மட்டும் அப்படித் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதனால் "வைஃபை வந்ததா இல்லையா" என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. "போன நிலையிலிருந்து ஒரு படி நகர்ந்ததா" என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே கட்டமே இல்லாத நிலையிலிருந்து அணைந்த கட்டம் என்ற நிலைக்கு வந்திருந்தோம். கோளாறு ஒன்று தீர்ந்ததற்கு அதுவே சாட்சி.

இரண்டாம் தடை: மறைந்துபோன சுவிட்ச்

அணைந்திருக்கும் கட்டத்தை யார் அணைத்தார்கள் என்று விண்டோஸிடமே கேட்கலாம். கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து நெட்எஸ்ஹெச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். வரும் விவரங்களில் "ரேடியோ ஸ்டேட்டஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு இரண்டு பதில்கள்: ஹார்டுவேர் ஆனா ஆஃபா, சாஃப்ட்வேர் ஆனா ஆஃபா.

திரையில் வந்தது: ஹார்டுவேர் ஆஃப். சாஃப்ட்வேர் ஆன்.

என் அனுபவத்தில் வைஃபை தொடர்பாக விண்டோஸ் தரும் தகவல்களிலேயே மதிப்பு மிக்கது இந்த ஒரு வரிதான். பலருக்கு இது தெரிவதில்லை. "சாஃப்ட்வேர் ஆஃப்" என்று வந்தால் செட்டிங்ஸில் ஆன் செய்தால் முடிந்தது. "ஹார்டுவேர் ஆஃப்" என்று வந்தால் செட்டிங்ஸில் எதைத் தொட்டாலும் பயனில்லை, விண்டோஸை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. அந்த உத்தரவு விண்டோஸுக்கு வெளியே, ஒரு கம்பி வழியாக வருகிறது.

உண்மையாகவே ஒரு கம்பிதான். அந்தக் காலத்து லேப்டாப்புகளில் வைஃபை கார்டு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வகை. ஓரத்தில் 52 தொடுமுனைகள். அதில் 20-வது முனைக்கு ஒரே வேலை, ரேடியோவை அணைப்பது. அந்த முனையில் மின்னழுத்தம் இறங்கினால் கார்டு தன் அலைபரப்பை நிறுத்திவிடும். ஆனால் மதர்போர்டின் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்தாது. அதனால்தான் கார்டு டிவைஸ் மேனேஜரில் நலமாகத் தெரிந்துகொண்டே, ஒரு சிக்னலைக்கூடக் காட்டாமல் இருக்க முடிகிறது. அந்த முனையின் மறுநுனி லேப்டாப்பின் விளிம்பில் இருக்கும் ஒரு சின்னத் தள்ளு சுவிட்சுக்குப் போகும்.

இப்படி ஒரு சுவிட்ச் எதற்கு என்று இன்றைய மாணவர்கள் கேட்பார்கள். 2003-ல் இன்டெல் சென்ட்ரினோ வந்த பிறகுதான் லேப்டாப் என்றாலே உள்ளே வைஃபை இருக்கும் என்ற நிலை பரவலாக வந்தது. அப்போது விமானத்தில் ரேடியோ சாதனங்களை நிச்சயமாக அணைத்தாக வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கையால் தள்ளி அணைத்து, அணைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும் வசதி அன்றைக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. பிறகு அந்த வேலை கீபோர்டுக்கு மாறியது. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஏரோபிளேன் மோடு விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. தனி சுவிட்ச் மெல்ல மறைந்தது. இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் கைமாறும் பழைய மெஷின்களில் இன்னும் நிறைய இருக்கிறது.

இந்த லேப்டாப்பின் நான்கு விளிம்புகளையும் பார்த்தேன். சுவிட்ச் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அதே குடும்ப மாடல்களில் முன் விளிம்பில், கை வைக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் என்பது தெரியும். அந்த விளிம்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டினேன். ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில், ஸ்கின் ஸ்டிக்கருக்கு அடியில், ஒரு அரிசி அளவுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது.

ஸ்டிக்கர் கார்பன் ஃபைபர் போலக் கோடு போட்டது. கை வைக்கும் பலகையில் தொடங்கி முன் விளிம்பை மடித்து இறங்கி, அடிப்பக்கம் வரை இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஹெட்போன் துளைகளுக்கு மட்டும் வெட்டு கொடுத்திருந்தார்கள். சுவிட்சையும், அதன் பக்கத்தில் இருந்த இரண்டு விளக்குகளையும் மூடிவிட்டார்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, பிளேடு நுனியால் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தேன். உள்ளே கறுப்பு நிறக் குமிழ். அது இடது பக்கம் தள்ளி நின்றது. அணைந்திருக்கிறது என்று காட்டும் ஆரஞ்சுப் புள்ளி அதன் வலது ஓரத்தில் தெரிந்தது.

நகத்தால் வலது பக்கம் தள்ளினேன். "டிக்" என்று சேர்ந்தது. சில விநாடிகளில் சின்ன விளக்கு ஒன்று மினுக்க ஆரம்பித்தது. பலகையில் வைஃபை கட்டம் நீலமாகி, கடைத் தெருவில் இருக்கும் எல்லா வைஃபை பெயர்களும் வரிசையாக இறங்கின.

அந்தப் பெண் சட்டென்று சொன்னார்: "அண்ணா, ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம்தான் சிக்னல் போச்சு!"

ஸ்கின் ஒட்டும்போது உள்ளே காற்றுக் குமிழ் நிற்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தி இழுப்பார்கள். வலமிருந்து இடமாக ஓடிய அந்த அட்டை, போகிற வழியில் சுவிட்சையும் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. ஒட்டியவருக்கும் தெரிந்திருக்காது. முதல் கடையில் பார்த்தவருக்கும், சுவிட்ச் மூடிக் கிடந்ததால், சந்தேகம் வந்திருக்காது. ஸ்டிக்கருக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணியதால் மாணவியும் அதை யாரிடமும் சொல்லவில்லை. "என்னவெல்லாம் மாறியது" என்று கேட்கும்போது, கம்ப்யூட்டர் சம்பந்தப்படாத விஷயங்களையும் சொல்லச் சொல்வது இதற்காகத்தான். பை மாறியதா, மேஜை மாறியதா, துடைத்தார்களா, ஸ்டிக்கர் ஒட்டினார்களா என்று எடுத்துக் கொடுத்துக் கேட்டால் ஞாபகம் வரும்.

மூன்றாம் தடை: கண்ணுக்குத் தெரியாத ஹாட்ஸ்பாட்

கடை ரவுட்டரில் இணைத்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது, இணைந்தது, பக்கங்கள் திறந்தன. இங்கேயே பில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் பயன்படுத்தப்போவது என் கடை ரவுட்டரை அல்ல. அவருடைய சொந்த இணைப்பில் ஓடுவதைப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று நான் எழுதுவதில்லை.

வீட்டில் ரவுட்டர் கிடையாது. அம்மாவின் போன் ஹாட்ஸ்பாட்தான். அதை ஆன் செய்யச் சொன்னேன். லேப்டாப் பட்டியலில் அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் இருந்தன. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த அந்தப் போனின் பெயர் மட்டும் இல்லை.

"முன்னாடி இதே போன்லயா கனெக்ட் பண்ணீங்க?"

"இல்ல தம்பி, அது பழைய போனு. இது இவங்க அப்பா திருப்பூர்ல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்தது."

புதுப் போன்களின் ஹாட்ஸ்பாட் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றில் இயங்கும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ். 5-ல் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் பழைய லேப்டாப் கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் காது கேட்கும். அந்தப் போன் 5-ல் பேசிக்கொண்டிருந்தது. இது இணைப்புக் கோளாறே அல்ல, பெயர்கூடத் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்டு தப்பு, சிக்னல் குறைவு போன்ற காரணங்களில் பெயராவது தெரியும்.

கார்டு எந்த அலைவரிசை என்பதையும் அதே கட்டளை வழியாகவே பார்க்கலாம். கடைசிச் சொல்லை "டிரைவர்ஸ்" என்று மாற்றி அடித்தால் "ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்" என்ற வரி வரும். இதில் 802.11பி, 802.11ஜி, 802.11என் என்று மூன்று இருந்தன. "என்" இரண்டு அலைவரிசையிலும் இயங்கக்கூடிய தரம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. பார்க்க வேண்டியது 802.11ஏ அல்லது ஏசி இருக்கிறதா என்பது. அந்த இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு உரியவை. இரண்டுமே இல்லை என்றால் கார்டு 2.4 மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் "பேண்ட்" என்ற இடத்தில் 2.4 என்று மாற்றினேன். ஐபோனாக இருந்தால் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்தால் அதே பலன். மாற்றிய உடனே பெயர் பட்டியலில் வந்தது. பாஸ்வேர்டைப் போட்டு மாணவியே இணைத்தார். பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு அனுப்ப வேண்டியிருந்த அசைன்மென்ட்டைக் கடையில் உட்கார்ந்தே அனுப்பினார்.

நடந்ததை வரிசையில் வைத்தால் இப்படி வருகிறது. ஸ்டிக்கர் ஒட்டியதில் சுவிட்ச் அணைந்தது. அதைச் சரிசெய்ய விண்டோஸ் மாற்றியதில் டிரைவர் போனது. இடையில் போன் மாறியதில் ஹாட்ஸ்பாட் கண்ணுக்குத் தெரியாமல் போனது. முதல் கடைக்காரர் தற்செயலாக சுவிட்சைக் கண்டுபிடித்துத் தள்ளியிருந்தாலும், டிரைவர் இல்லாததால் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டையும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும், அங்கே ஹாட்ஸ்பாட் கிடைக்காமல் "மறுபடியும் போச்சு" என்று திரும்பி வந்திருப்பார்கள்.

வேறு லேப்டாப்பாக இருந்தால்

இதே படி வரிசை எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும். மாறுவது சுவிட்சின் இடம்தான். தள்ளு சுவிட்ச் இல்லாத மெஷின்களில் கீபோர்டின் மேல் வரிசையில் விமானம் அல்லது அலை வீசும் கோபுரம் படம் போட்ட கீ இருக்கும். எச்பியில் பெரும்பாலும் எஃப்12. பழைய திங்க்பேடுகளில் எஃப்என் கீயோடு எஃப்5, புதியவற்றில் எஃப்8. ஆசுஸில் எஃப்என் கீயோடு எஃப்2, ஏசரில் எஃப்3. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் எண்ணை நம்புவதைவிடப் படத்தை நம்புங்கள். கீயிலேயே விளக்கு இருந்தால், பல எச்பி மாடல்களில் ஆரஞ்சு என்றால் ஆஃப், வெள்ளை அல்லது நீலம் என்றால் ஆன்.

டிரைவர் சரியாக இருந்தும் பட்டியலே வரவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் வைஃபையைத் தேடி இணைப்பது அந்தச் சேவைதான். லைட் பதிப்புகளில் இதையும் நிறுத்தி வைத்திருப்பதுண்டு. இந்த மெஷினில் அது ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று வரை இருந்த கார்டு டிவைஸ் மேனேஜரிலேயே காணாமல் போனால், கழற்றுவதற்கு முன் ஒரு எளிய வழி உண்டு. விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் முழுதாக அணைவதில்லை. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆனில் இருந்தால், உள்நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த தடவை அங்கிருந்தே எழும். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால்தான் முழு அணைப்பு. பிறகு சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, சிக்கிக்கொண்ட கார்டு பல தடவை திரும்பி வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) வயர்லெஸ் டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டைக் கழற்றி மாட்டுவது அதற்கு அப்புறம்தான். கழற்றினால் கறுப்பு, வெள்ளை இரண்டு ஆன்டெனா வயர்களும் எந்தெந்த முனையில் இருந்தன என்று முதலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முனைகள் மிகச் சிறியவை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிய்ந்துவிடும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்ற கட்டளை. அதில் "சாஃப்ட் பிளாக்ட்", "ஹார்டு பிளாக்ட்" என்று இரண்டு வரிகள், விண்டோஸ் சொன்ன அதே இரண்டு பதில்கள். சாஃப்ட் என்றால் "அன்பிளாக்" கொடுத்து நீக்கலாம். ஹார்டு என்றால் சுவிட்சைத் தேட வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சுவிட்சே இல்லாத சில லேப்டாப்புகளில், உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் (தயாரிக்கும்போதே மெஷினுக்குள் பதித்த மென்பொருள்) "சுவிட்ச் ஆஃப்" என்று லினக்ஸிடம் சொல்லிவிடும். அப்படிப்பட்ட மாடல்களின் பெயர்களை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக எழுதி வைத்தார்கள். அதில் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. நான்கு விளிம்பையும் தடவிப் பார்த்தும் சுவிட்ச் இல்லை, லினக்ஸ் மட்டும் ஹார்டு பிளாக் என்கிறது, விண்டோஸில் வைஃபை ஓடுகிறது என்றால் இந்த வகையாக இருக்கலாம். அங்கே கோளாறு மென்பொருளில், லேப்டாப் உடம்பில் இல்லை.

ஒப்படைத்தது

லைட் பதிப்பை எடுத்துவிட்டு முழு விண்டோஸ் 10 போடலாமா என்று யோசித்தோம். அதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்தத் தலைமுறை கோர் ஐ3 தகுதி பெறாது. அவருக்குத் தேவை பிரவுசரும் எழுதுவதற்கும் கணக்கு போடுவதற்கும் லிப்ரே ஆஃபீஸும்தான். அதனால் அவர் சம்மதத்தோடு அடுத்த வாரம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுத் தருவதாகப் பேசிக்கொண்டோம். அதுவரைக்கும் வைஃபை டிரைவரின் நிறுவல் கோப்பை டி டிரைவில் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். சுவிட்ச் இடத்தில் ஸ்டிக்கரை ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, விளக்கு இரண்டும் தெரியும்படி விட்டிருக்கிறேன்.

"உள்ள இருக்கிற கார்டை மாத்தி 5 கிகாஹெர்ட்ஸ் கார்டு போட முடியுமா அண்ணா?" என்று மாணவி கேட்டார். அதே அளவில் இரட்டை அலைவரிசைக் கார்டுகள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில், நிறுவனம் அங்கீகரித்த கார்டுகளைத் தவிர வேறு எதைப் போட்டாலும் பயாஸ் மெஷினைத் தொடங்க விடாது. வாங்கி ஏமாற வேண்டாம். தேவைப்பட்டால் யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று போதும், லினக்ஸில் ஓடும் மாடலா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன். இப்போதைக்கு 2.4-லேயே வகுப்பு வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது.